கோழிப் பாதத்துல ஒரு கருப்புப் பக்கு



பெங்களூர்லயும் சென்னையிலயும் மொட்டைமாடியில நாலு கோழி வளர்க்கிற சொந்தக்காரங்க என்கிட்ட அடிக்கடி கேக்கிற கேள்வி ஒண்ணு இருக்கு. கோழி நொண்டுது. பாதத்தைத் திருப்பிப் பார்த்தா நடுவுல மிளகு அளவுக்குக் கருப்பா ஒரு பக்கு. சுத்தி வீக்கம். தொட்டா சூடு. என்ன மாத்திரை கொடுக்கலாம்?

எங்க வீட்டுல இதைக் கால் ஆணின்னு சொல்வோம். மனுஷனுக்கு வர்ற ஆணி வேற, இது வேற. இங்கிலீஷ்ல பம்பிள்ஃபுட்ங்கிறாங்க. கோழியோட உள்ளங்கால் தோல் எங்கேயாவது கீறுது, அந்த வழியா கிருமி உள்ள போகுது, உள்ள கட்டியாகுது. நமக்கு வர்ற சீழ் மாதிரி கோழியோட சீழ் தண்ணியா ஓடாது. காஞ்ச பிசைஞ்ச மாவு மாதிரி கட்டிப்படும். அதனால அமுக்கினாலும் பிதுக்கினாலும் வெளியே வராது.

வைத்தியத்தைக் கடைசியில சொல்றேன். முதல்ல இந்தப் புண் எங்கிருந்து வந்துச்சுங்கிற சரித்திரத்தைப் பார்த்துடலாம். அது தெரிஞ்சா மாத்திரையைத் தேட மாட்டீங்க.

கோழி முதல்ல நம்மகிட்ட வந்ததே மண்ணைக் கிளறத்தான். தென்கிழக்கு ஆசியாவுல இருக்கிற செங்காட்டுக்கோழிதான் நம்ம வீட்டுக்கோழிக்கு மூதாதை. 2022-ல வந்த ஒரு ஆராய்ச்சி, இதுவரை கிடைச்சதுல வீட்டுக்கோழின்னு உறுதியா சொல்லக்கூடிய பழைய எலும்புகள் தாய்லாந்துல பான் நான் வாட்ங்கிற இடத்துல இருக்குன்னு சொல்லுது. ஏறக்குறைய 3,500 வருஷத்துக்கு முந்தினது. மானாவாரி நெல்லும் தினையும் விதைச்ச காட்டு ஓரத்துக்குச் சிந்தின தானியம் பொறுக்க வந்த கோழிதான், மெல்ல மெல்ல வாசலுக்கு வந்துச்சாம். எங்களை மாதிரி கேழ்வரகும் சாமையும் விதைச்ச ஊர்க்காரங்களுக்கு இதுல ஆச்சரியமே இல்லை. களத்துல போர் அடிச்சா முதல் ஆளா நிக்கிறது கோழிதானே.

கால்லயே நம்ம தென்னாட்டுப் பங்கு ஒண்ணும் இருக்கு. உலகத்துல நிறையக் கோழிக்குக் கால் மஞ்சளா இருக்கில்ல, அந்த மஞ்சள் செங்காட்டுக்கோழி கொடுத்தது இல்லை. தென்னிந்தியக் காடுகள்ல இருக்கிற சாம்பல் காட்டுக்கோழி கலந்ததால வந்ததுன்னு 2008-ல மரபணுவைப் பார்த்துக் கண்டுபிடிச்சாங்க. அமெரிக்கப் பண்ணையில நிக்கிற மஞ்சக்கால் கோழிக்குள்ளயும் நம்ம பக்கத்துக் காட்டுக்கோழியோட ரத்தம் ஓடுது.

அந்தக் கால் எதுக்காகப் படைச்ச கால்னு பாருங்க. பகல்ல மண்ணுல, சருகுல, எருக்குழியில நடக்கணும், கிளறணும். ராத்திரி மரக்கிளையைப் பிடிச்சுக்கிட்டு உக்காரணும். மெத்து மெத்துன்னு இருக்கிற அந்தப் பாதத்துக்கு, கல்லு மாதிரி தட்டையான தரையில நாள் பூரா நிக்கிற வேலையே கிடையாது. ஐரோப்பாவுல வேட்டைக்குப் பருந்து வளர்த்தவங்களுக்கு இந்த நோய் பல நூறு வருஷமாத் தெரியும். பறக்காம ஒரே கட்டையில கட்டிப்போட்ட பருந்துக்குப் பாதம் வீங்கும். நிக்கிற கட்டைக்கு மெத்தை கட்டுறது அவங்க கண்ட வழி.

நம்ம ஊர்க்காரங்க கோழியைச் சாதாரணமா நினைக்கலை. விழுப்புரம் மாவட்டத்துல அரசலாபுரம்னு ஒரு ஊர். அங்க சேவல் உருவம் செதுக்கி, எழுத்தும் பொறிச்ச ஒரு நடுகல் இருக்கு. சுமார் 1,500 வருஷம் பழசு. முகையூர் மேற்சேரிக்காகச் சண்டை போட்டுச் செத்த சேவலுக்கு வெச்ச கல்லு. இந்தளூர்லயும் அதே மாதிரி ஒரு சேவல் கல் இருக்கு. எங்க கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் வீரனுக்கு நட்ட கல்லுங்க வயக்காட்டுல அங்கங்க நிக்கும், நிறைய பேர் பார்த்திருப்பீங்க. மாடு மீட்டுச் செத்தவனுக்கு வெச்ச மாதிரி ஒரு சேவலுக்கும் கல் வெச்சிருக்காங்கன்னா, அது கால்ல அடிபட்டப்ப யாரோ உக்காந்து மருந்து போட்டிருப்பாங்கதானே. அந்த மருந்து எதுலயும் எழுதி நமக்கு வரலை. கைக்குக் கை, வீட்டுக்கு வீடு வந்திருக்கு.

எழுதாததுக்குக் காரணம் இருக்கு. கோழி பொம்பளைங்க காசு. மாடு வித்தா ஆம்பளை கையில போகும். முட்டை வித்ததும், ஞாயித்துக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தையில ஒரு விடைக்கோழி வித்ததும் அம்மா முந்தானை முடிச்சுல இருக்கும். பள்ளிக்கூட நோட்டும், உப்பு புளியும் அதுலதான் வரும். இப்படிச் சின்னக் காசுக்கு வளர்ற உயிருக்கு வைத்தியரைக் கூப்பிட மாட்டாங்க. அடுப்பங்கரையில இருக்கிற மஞ்சள், வேப்பெண்ணெய், கல் உப்பு, கிழிஞ்ச வேட்டித் துணி, இவ்வளவுதான் ஆஸ்பத்திரி.

சர்க்கார் வைத்தியம் எங்க பக்கத்துக்கு ரொம்ப முன்னாடியே வந்துடுச்சு, ஆனா கோழிக்காக வரலை. ஓசூர் மத்திகிரியில இருக்கிற கால்நடைப் பண்ணையை 1824-லயே கம்பெனிக்காரங்க ஆரம்பிச்சாங்க. பட்டாளத்துக்குக் குதிரை வேணும், அதுக்காக. 1,600 ஏக்கருக்கு மேல இடம். அப்புறம் மாடு வந்துச்சு, ஆடு வந்துச்சு. கோழிக்கு முறை வர ரொம்ப காலம் ஆச்சு. இப்போ அதே ஓசூர்ல கோழிக்குன்னே கால்நடைப் பல்கலைக்கழகத்தோட ஒரு கல்லூரி இருக்கு.

கோழி மேல அரசாங்கம் கவனம் வெச்சது கொள்ளைநோயாலதான். 1926-ல இங்கிலாந்து நியூகாசில்லயும் ஜாவாவுலயும் கூட்டம் கூட்டமாக் கோழி செத்துச்சு. ரெண்டொரு வருஷத்துல இமயமலைப் பக்கத்து ராணிகேத்துல அதே நோயைக் கண்டாங்க. அதனாலதான் அதுக்கு ராணிகேத் நோய்னு பேர். நாம வெள்ளைக்கழிச்சல்னு சொல்றது. 1932-ல ராணிப்பேட்டையில கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் வந்துச்சு. 1940-கள்ல முக்தேஸ்வர் ஆராய்ச்சி நிலையத்துல கழிச்சலுக்குத் தடுப்பூசி உருவாச்சு. இன்னைக்கும் வருஷம் ஒரு தடவை கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடக்குது. விடாம போடுங்க, இலவசம்தான்.

ஆனா கால் புண்ணுக்குத் தடுப்பூசி கிடையாது. ஒரே நாள்ல நூறு கோழி சாகாது. ஒண்ணு நொண்டும், ஒரு மாசம் கழிச்சு இன்னொண்ணு நொண்டும். அதனால எந்த முகாமும் அதுக்கு வரலை. அது வீட்டு வைத்தியமாவே நின்னுடுச்சு.

இப்ப அந்தக் கிருமியோட கதைக்கு வர்றேன். பேர் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ். கோழிக்கால் புண்ணுல அதிகமா இருக்கிறது இதுதான். 1880-ல ஸ்காட்லாந்து அபர்தீன்ல அலெக்சாண்டர் ஆக்ஸ்டன்னு ஒரு அறுவை வைத்தியர், நோயாளியோட கட்டியிலிருந்து எடுத்த சீழை மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பார்த்தாரு. திராட்சைக்கொத்து மாதிரி உருண்டை உருண்டையா கிருமி. கிரேக்க மொழியில திராட்சைக்கொத்துக்கு உள்ள சொல்லை வெச்சு ரெண்டு வருஷம் கழிச்சுப் பேர் வெச்சாரு. அதை வளர்த்துப் பார்க்க அவர் எதை எடுத்தாரு தெரியுமா? கோழி முட்டை. அப்புறம் 1884-ல ரோசன்பாக்னு ஒரு ஜெர்மன் வைத்தியர், தங்க நிறமா வளர்ற வகைக்கு ஆரியஸ்னு பேர் சேர்த்தாரு.

1928-ல லண்டன்ல அலெக்சாண்டர் ஃபிளெமிங் பூஞ்சணம் பிடிச்ச தட்டுல பென்சிலினைக் கண்டுபிடிச்ச கதை பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம். அந்தத் தட்டுல அவர் வளர்த்துக்கிட்டு இருந்ததும் இந்த ஸ்டெஃபைலோகாக்கஸ்தான். பென்சிலின் கடைக்கு வந்த கொஞ்ச வருஷத்துலயே இந்தக் கிருமி அதைச் சமாளிக்கக் கத்துக்கிச்சு. அளவு குறைச்சுச் சாப்பிட்டா கிருமி பழகிடும்னு ஃபிளெமிங்கே 1945-ல நோபல் பரிசு வாங்குனப்ப எச்சரிச்சாரு.

அடுத்த மருந்துல நம்ம ஆள் ஒருத்தர் இருக்காரு. பீமவரத்துல பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில படிச்ச எல்லப்பிரகட சுப்பாராவ். அமெரிக்காவுல லெடர்லி கம்பெனியில ஆராய்ச்சித் தலைவரா இருந்தாரு. அவர் காலத்துல அந்தக் கம்பெனியில மண்ணுக்கிருமியிலிருந்து எடுத்த மருந்துதான் ஆரியோமைசின், 1948-ல வெளிவந்துச்சு. உயிர் காக்கிற மருந்து. அதே வருஷம் அவர் இறந்துட்டாரு. அப்புறம், அதே கம்பெனிக்காரங்க அந்த மருந்து எடுத்து மிஞ்சின சக்கையைக் கோழிக்குஞ்சுக்குத் தீவனத்துல கலந்து கொடுத்தப்ப, குஞ்சு சீக்கிரமா எடை போடுறதைப் பார்த்தாங்க. நோயே இல்லாத கோழிக்குத் தினமும் கொஞ்சம் மருந்து போடுற பழக்கம் உலகம் முழுக்கப் பரவினது அங்கிருந்துதான். ஃபிளெமிங் எது கூடாதுன்னாரோ, அதையே மூட்டை மூட்டையாச் செஞ்சாங்க.

கிருமி சும்மா இருக்குமா? 2009-ல எடின்பரோவுல ரோஸ்லின் ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க ஒரு விஷயம் வெளியிட்டாங்க. டாலிங்கிற ஆட்டை நகல் எடுத்தாங்களே, அதே இடம். பல நாட்டுக் கறிக்கோழிகள்லிருந்து இந்தக் கிருமியை எடுத்து ஆராய்ஞ்சப்ப, பெரும்பங்கு ஒரே வம்சத்துல வந்ததாத் தெரிஞ்சுது. அது மனுஷன்கிட்ட இருந்த கிருமி. ஏறக்குறைய 38 வருஷத்துக்கு முன்னாடி, அதாவது 1970 வாக்குல, மனுஷன்கிட்டயிருந்து கோழிக்குத் தாவி, அதோட உடம்புக்கு ஏத்த மாதிரி மாறியிருக்கு. போலந்துப் பக்கம் ஆரம்பிச்சிருக்கலாம்ங்கிறாங்க. உலகம் முழுக்க ஒண்ணு ரெண்டு கம்பெனிகளோட தாய்க்கோழி வம்சம்தான் பண்ணைகளுக்குப் போகுது, கிருமியும் கூடவே போயிடுச்சு.

கோழிகிட்டயிருந்து நமக்கு நோய் வரும்னு பறவைக்காய்ச்சல் சமயத்துல எல்லாரும் பயந்தோம். இது தலைகீழ். கொடுத்தவன் மனுஷன்.

கிருமியை மட்டும் சொன்னா பாதிக் கதைதான். அது உள்ள போக ஒரு கீறல் வேணுமே. அந்தக் கீறலையும் நாமதான் கொடுக்கிறோம். எங்க ஊரையே எடுத்துக்கங்க. நான் சின்னப் பையனா இருந்தப்ப வாசல் சாணி மெழுகின மண்வாசல். கோழி ராத்திரி புளியமரத்துலயோ பஞ்சாரத்துலயோ அடையும். 2004-ல கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆச்சு. ஓசூர்ல ஆரம்பிச்ச தொழிற்சாலைங்க இந்தப் பக்கம் போச்சம்பள்ளி சிப்காட் வரைக்கும் வந்தாச்சு. வேலை வந்துச்சு, வாடகை வந்துச்சு, நல்லதுதான். கூடவே வாசல் சிமென்ட் ஆச்சு. எரு மேட்டுல கட்டட இடிசல், உடைஞ்ச டைல்ஸ், கம்பித்துண்டு. சாக்குப் பையிலிருந்து உரிஞ்ச பிளாஸ்டிக் நூல் கோழி விரல்ல சுத்தி, ரத்த ஓட்டத்தை நிறுத்தி, விரலே கருகி விழறதை இப்போ நிறையப் பார்க்கிறோம். மொட்டைமாடிக் கோழிக்கு இன்னும் மோசம். காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் சுடுற சிமென்ட்டு, ராத்திரி கம்பிவலைக் கூண்டு. கனமான ஜாதிக்கோழி உசரத்துலிருந்து அந்தத் தரையில குதிக்கிறப்ப பாதம் என்ன ஆகும்?

அதனாலதான் சொல்றேன், மாத்திரை கொடுத்தா இந்தப் புண் ஒரு வாரம் அடங்கும், மறுபடி வரும். வைத்தியத்தைத் தரையிலிருந்து ஆரம்பிக்கணும்.

மஞ்சள் பத்தியும் ரெண்டு வார்த்தை. 1995-ல அமெரிக்காவுல மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்காரங்களுக்கு, மஞ்சள் புண்ணை ஆத்தும்னு காப்புரிமையே கொடுத்துட்டாங்க. நம்ம நாட்டு அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழு, மஷேல்கர் தலைமையில, இது எங்க பாட்டி வைத்தியம்னு 32 ஆதாரம் கொண்டுபோய்க் காட்டிச்சு. பழைய சமஸ்கிருத ஏடும் அதுல உண்டு. 1997-ல காப்புரிமையை ரத்து பண்ணிட்டாங்க. வழக்குல ஜெயிச்சது எழுதி வெச்ச ஏடுங்க. கோழிக்கால்ல மஞ்சள் பூசின பொம்பளைங்க எதையும் எழுதி வைக்கலை, அவங்க கைப்பழக்கத்துக்குச் சாட்சி அடுப்பங்கரைதான். அதனாலதான் இதையெல்லாம் எழுதி வைக்கிறேன்.

அயோடினும் வீட்டுல இருக்கட்டும். 1811-ல பிரான்ஸ்ல நெப்போலியன் பட்டாளத்துக்கு வெடியுப்பு காய்ச்சிக்கிட்டிருந்த கூர்த்வாங்கிறவரு, கடல்பாசிச் சாம்பல்ல எதேச்சையாக் கண்டுபிடிச்சது அது. எரிச்சல் இல்லாத பொவிடோன் அயோடின் 1950-கள்ல வந்துச்சு, மருந்துக்கடையில செம்பழுப்பா விக்கிறது. இந்தக் கிருமி அயோடினுக்குச் சுலபமாப் பழகிக்கிறதில்லை.

இப்ப வைத்தியம்.

முதல்ல கோழியைத் துணியில சுத்தி மடியில வெச்சு, ரெண்டு பாதத்தையும் விரல் இடுக்கையும் பாருங்க. நூல், முடி சுத்தியிருந்தா நகவெட்டியால மெல்ல எடுத்துடுங்க. கால் மேல செதில் தூக்கிக்கிட்டு வெள்ளையாச் சுண்ணாம்பு மாதிரி இருந்தா அது கால் ஆணி இல்லை, செதிலுக்கு அடியில பூச்சி. அதுக்கு வேப்பெண்ணெயோ தேங்காயெண்ணெயோ நாள் விட்டு நாள் தடவி, கூண்டைச் சுத்தம் பண்ணுங்க.

பக்கு மட்டும் இருக்கு, வீக்கம் இல்லைன்னா அதை நோண்டாதீங்க. தரையை மாத்துங்க, அயோடின் தொட்டு வைங்க. பெரும்பாலும் தானா உதிரும்.

வீக்கம் இருந்தா, கை பொறுக்கிற வெதுவெதுப்புல தண்ணி எடுத்து ஒரு பிடி கல் உப்பு போட்டு, பத்து பதினஞ்சு நிமிஷம் காலை ஊற வைங்க. துணியால ஈரமில்லாம ஒத்தி எடுங்க. அயோடின் போடுங்க. அது இல்லைன்னா மஞ்சத்தூளை வேப்பெண்ணெயில குழைச்சுப் பூசலாம். மேல சுத்தமான பஞ்சுத்துணி மெத்தை மாதிரி வெச்சு, விரல் இடுக்கு வழியாத் துணிக்கட்டு போடுங்க. இறுக்கிக் கட்டுனா விரல் வீங்கும், பார்த்துக்கங்க. தினமும், இல்லைன்னா ரெண்டு நாளைக்கு ஒரு தடவை அவிழ்த்து மாத்துங்க. ரெண்டு மூணு வாரம் பொறுமை வேணும். அது வரைக்கும் கோழியைத் தனியா, வைக்கோலோ உமியோ போட்ட காஞ்ச இடத்துல விடுங்க.

பிளேடு எடுத்துக் கிழிக்கிற வேலை வேண்டாம். உள்ள நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கு. கட்டி கோலிக்குண்டு அளவுக்கு மேல ஆயிடுச்சு, கணுக்கால் வீங்கிடுச்சு, தீனி எடுக்கலைன்னா அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்க. கிருமி எலும்புக்கு இறங்குனா அப்புறம் கஷ்டம். மருந்து போடுறப்ப கையுறை போட்டுக்கங்க, முடிஞ்சதும் சோப்பு போட்டுக் கழுவுங்க. கிருமி நம்மகிட்டயிருந்து போனதுதான், கையில காயம் இருந்தா திரும்பி வரவும் தெரியும்.

வீட்டுல மிஞ்சிக் கிடக்கிற மனுஷ மாத்திரையைப் பிரிச்சுத் தண்ணியில கலக்காதீங்க. எந்தக் கோழி எவ்வளவு குடிச்சுதுன்னு தெரியாது. அரைகுறை அளவுதான் கிருமிக்குப் பள்ளிக்கூடம். அந்தக் கோழி போடுற முட்டையில மருந்து இறங்கும், அதைத் தின்றது நம்ம பேரப்புள்ளைங்க. உயிருக்குப் போராடுற நோயாளிக்குக் கடைசியாப் போடுற கோலிஸ்டின் மருந்தைக் கோழித் தீவனத்துல கலக்கக் கூடாதுன்னு மத்திய அரசு 2019-ல தடை போட்டுச்சு. அந்த அளவுக்கு நிலைமை போச்சு. டாக்டர் எழுதிக் கொடுத்தா முழு நாளும் கொடுங்க, எத்தனை நாள் முட்டையை ஒதுக்கணும்னு அவரையே கேளுங்க.

கடைசியா, வராம இருக்க வழி. மாடியில ஒரு மூலையிலாவது அரை அடி ஆழத்துக்கு மண்ணும் சருகும் கொட்டி விடுங்க, கிளறட்டும். உக்கார்ற கட்டை கையால பிடிக்கிற பருமன்ல, ஓரம் உருட்டி, சிராய் இல்லாம, முழங்கால் உசரத்துல இருந்தா போதும். கம்பிவலைத் தரை வேண்டாம். ஈரமான எச்சத்தை நாள்கணக்கா விடாதீங்க. முருங்கைக்கீரை, அகத்திக்கீரை கட்டித் தொங்க விடுங்க. வைட்டமின் ஏ குறைஞ்சா பாதத்துத் தோல் சீக்கிரம் வெடிக்கும்.

இன்னைக்குச் சாயங்காலம் கோழியை அடைக்கிறப்ப ஒவ்வொண்ணாக் காலைத் திருப்பிப் பாருங்க. நாலு கோழிக்கு அஞ்சு நிமிஷம் ஆகாது.